காணாமல் போன மூன்றாவது ரிங்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகச் 'சில வார்த்தைகள்' எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் சில வார்த்தைகள் கேட்பது, குழாயைத் திறந்துவிட்டு வெளியூர் போவதைப் போன்றது. கேட்டவர்கள் அனுபவிக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

எந்தப் போர்ட்டில் எந்த ஒயரைச் சொருக வேண்டும், எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. அதில் பாதியை எழுதியவன் நான்தான். ஆகவே அது எவ்வளவு முழுமையானது என்பதும், எவ்வளவு தூக்கம் வரவழைப்பது என்பதும் எனக்கு நன்றாகவே தெரியும். கையேட்டில் இல்லாத ஒரு விஷயத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

இரண்டாயிரத்துகளின் நடுவில், தாம்பரத்தைச் சுற்றி இன்டர்நெட் வழியாகப் பேசும் போன் அமைப்புகள் மெல்ல வர ஆரம்பித்திருந்தன. எல்லோருக்கும் புது எக்ஸ்சேஞ்ச் வேண்டும்; ஆனால் யாருக்கும் புது போன் வாங்க மனம் வராது. "இருக்கிற போனெல்லாம் நல்லாத்தானே இருக்கு சார்" என்பார்கள். நல்லாத்தான் இருக்கும். பழைய அனலாக் போனைச் சுவரில் அடித்தால் சுவர்தான் உடையும். அந்தப் பழைய போன்களுக்கு ஒரு மொழி, புது எக்ஸ்சேஞ்சுக்கு வேறு மொழி. இரண்டுக்கும் நடுவில் துபாஷியாக உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குப் பெயர்தான் கேட்வே. பழைய போன் ஒயர்கள் ஒரு பக்கம் நுழையும், நெட்வொர்க் கேபிள் மறுபக்கம் வெளியே வரும். பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் சுபம் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம்.

செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோம். பிரசவம்தான் முக்கியம். நடத்தியவர் மும்தாஜ் டாக்டர். கட்டடத்துக்குப் பின்னால், ஒரு வேப்பமரமும் துணி காயும் கொடிகளும் தாண்டி, அவர் வீடு. அவருடைய மருமகன் ரஃபீக் சேலையூரில் ஸ்கேன் சென்டர் வைத்திருந்தார். இரண்டு இடங்களையும் ஒரே எக்ஸ்சேஞ்சில் இணைக்க வேண்டும், பழைய போன்கள் அப்படியே இருக்க வேண்டும் என்பது ரஃபீக்கின் ஆசை. நம் பையன்களில் கெட்டிக்காரனான பிரபு போய் இரண்டு நாளில் முடித்துவிட்டு வந்தான். எல்லா போனும் பேசியது. சேலையூரிலிருந்து செம்பாக்கத்துக்குப் பேசினால் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் கேட்டது. ரஃபீக் அதைக் கேட்டுவிட்டு, துபாயில்கூட இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை என்றாராம். மகிழ்ச்சியான வாடிக்கையாளர். நம் தொழிலில் இது அபூர்வமான பிராணி.

இரண்டு வாரம் கழித்து, வேலை முடிந்ததற்கான கையெழுத்தை வாங்கிவர நான் போனேன். பெரிய வேலைகளுக்கு மூத்தவர் ஒருவர் போய்க் கையெழுத்து வாங்கினால் மரியாதை என்று எங்கள் மேனேஜர் நினைத்தார். உண்மையில் எனக்கு ஆபீசில் வேறு வேலை இல்லை என்பதும் ஒரு காரணம். பிரபுவையும் கூட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை. ரஃபீக் வரும்வரை வரவேற்பு மேஜைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா கன்னியம்மா எங்கள் காலடியில் வந்ததும் நிமிர்ந்தார்.

"இன்னா சார், மறுபடியும் போனா?"

"கையெழுத்து வாங்க வந்தோம்மா. போன் எப்படி இருக்கு?"

"போனு நல்லாத்தான் கீது. மனுசங்கதான் ரிப்பேரு. கால தூக்கு."

காலைத் தூக்கினோம். துடைத்தார். அடுத்த பெஞ்சுக்குப் போகாமல் மாப்பை ஊன்றிக்கொண்டு நின்றார். சொல்ல விஷயம் இருக்கிறது, கேட்க ஆள் வேண்டும் என்பதற்கான நிலை அது. கேட்டேன்.

"டாக்டரம்மாவுக்கும் ஸ்டெல்லா சிஸ்டருக்கும் பேச்சே இல்ல சார். எத்தினி வருசமா ஒண்ணா கீறாங்க தெரியுமா? எம் பொண்ணு பொறந்தப்ப ரெண்டு பேருந்தான் இருந்தாங்க. அவளுக்கே இப்ப கல்யாணமாயிடுச்சு. நாளையோட சிஸ்டரு வேலைய வுட்டு நிக்கிது. குரோம்பேட்டையாண்ட வேற ஆஸ்பத்திரியாம்."

"ஏன், என்ன ஆச்சு?"

"ரிங்கு சார். ரிங்குதான்."

அவர் சொன்னதை நான் உரைநடையில் சொல்லிவிடுகிறேன். மும்தாஜ் டாக்டர் மதியம் வீட்டுக்குப் போய் லுஹர் தொழுவார். செல்போனை நர்சிங் ஹோமிலேயே சார்ஜில் போட்டுவிட்டுத்தான் போவார். தொழுகையில் நிற்கும்போது போனை எடுக்க முடியாது. ஆனால் காது கேட்கும். எனவே அவரும் தலைமை நர்ஸ் ஸ்டெல்லாவும் வெகுகாலம் முன்பே ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா வீட்டு இன்டர்காமுக்கு அடித்து, ரிங்கை எண்ணி, வைத்துவிடுவார். ஒரு ரிங் என்றால், வெளி நோயாளிகள் காத்திருக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டே வாருங்கள். இரண்டு என்றால், வலி அதிகமாகிறது, தொழுதுவிட்டு நேராக வாருங்கள். மூன்று என்றால், தொழுகையை விட்டுவிட்டு வாருங்கள். மூன்று கொடுப்பது அபூர்வம். கொடுத்தால் டாக்டர் செருப்புப் போடாமல் ஓடி வருவார். அந்த நர்சிங் ஹோமில் எத்தனையோ குழந்தைகள் இந்தக் கணக்கில் பிறந்திருக்கின்றன. ஒருமுறைகூடக் கணக்குத் தப்பவில்லை.

சமீபத்தில்தான் தப்ப ஆரம்பித்தது. ஸ்டெல்லா இரண்டு கொடுத்தால் டாக்டர் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார். போன செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா மூன்று கொடுத்தார். டாக்டர் தொழுகையை முடித்துவிட்டு நடந்து வந்தார். வந்து பார்த்தால் கழுத்தில் கொடி சுற்றிய குழந்தையை ஸ்டெல்லா தனியாகவே எடுத்து, அழவும் வைத்துவிட்டிருந்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டர் ஆடிப்போய்விட்டார். ஆடிப்போனவர்கள் நிதானமாகப் பேசுவதில்லை.

"ரெண்டு குட்த்துட்டு மூணுன்னு சொல்லாதீங்க ஸ்டெல்லான்னுச்சு டாக்டரம்மா. பேசண்ட்டோட மாமியா, நாத்தனா எல்லாம் நிக்கிறாங்க. சிஸ்டரு கையக் கழுவினு போயிடுச்சு. மக்காநாளு வந்து, சனிக்கிழமையோட நிக்கிறேன்னுச்சு."

"சமீபத்துலன்னா, எப்போ இருந்துமா?"

கன்னியம்மா யோசித்தார். "இந்த மாசந்தான். நீங்க வந்து ஒயரு இஸ்துனு இருந்தீங்களே, அதுக்கப்புறம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "அய்ய, போனு இன்னா சார் பண்ணும். அதுவா எண்ணுது?"

அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்கு இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். போனைப் பற்றி அங்கே யாரும் புகார் செய்யவில்லை. டாக்டர் செய்யவில்லை, நர்ஸ் செய்யவில்லை, ரஃபீக் பாராட்டிக்கொண்டிருந்தார். உங்கள் திரையில் எல்லாப் போர்ட்டும் பச்சை. புகார் வராத பழுதுதான் இந்தத் தொழிலில் மோசமான பழுது. அது மனிதர்களின் குணக்கேடாக வேடம் போட்டுக்கொண்டு திரியும். ஒருத்திக்குப் பொறுப்பில்லை, இன்னொருத்திக்கு வயதாகிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டிருக்கும். பெட்டி பாட்டுக்கு மூலையில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும்.

பிரபுவிடம் கேட்டேன். "டாக்டர் வீட்டு போனை டெஸ்ட் பண்ணினியா?"

"பண்ணினேன் சார். அடிச்சேன், அந்த வீட்டு வேலைக்காரம்மா எடுத்தாங்க, பேசினாங்க. ஓகே."

"எத்தனை ரிங் அடிச்சுது?"

"முதல் ரிங்லயே எடுத்துட்டாங்க சார்."

"வேற எந்த போனையாவது எடுக்காம விட்டுப் பார்த்தியா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "எடுக்காம விட்டா டெஸ்ட் எப்படி சார் முடியும்?"

அவனைக் குறை சொல்ல முடியாது. நாம் எல்லோரும் அப்படித்தான் சோதிக்கிறோம். அடி, எடு, ஹலோ சொல், வை, டிக் போடு. போன் என்றால் எடுத்துப் பேசுவதற்கு என்று நாம் முடிவு செய்துவிட்டோம். எடுக்காமல் இருப்பதற்காகவே ஒரு வீட்டில் போன் இருக்கக்கூடும் என்பது போன்காரர்களுக்கு மட்டும்தான் தோன்றாது.

ஸ்டெல்லா சிஸ்டரைத் தேடிப் போய்க் கேட்டேன். ஊசிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நான் கொடுத்தது மூணு சார். எந்தக் கோர்ட்ல கேட்டாலும் மூணு."

டாக்டரிடம் கேட்டேன். வெளி நோயாளிகளுக்கு நடுவில் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சார், நான் ஆயிரக்கணக்குல ஹார்ட்பீட் எண்ணியிருக்கேன். எனக்கு ரெண்டும் மூணும் தெரியாதா?"

இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. அது பார்த்தவுடன் தெரிந்தது. நேர்மையான இரண்டு சாட்சிகள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொன்னால், இருவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே நடுவில் இருந்தது நாங்கள் வைத்த பெட்டி.

டாக்டரிடம் சொன்னேன்: "உங்க வீட்டு போனை ஒரு டெஸ்ட் பண்ணணும் டாக்டர். நான் அங்க உக்காந்து மணியக் கேக்கணும். என் பையன் இங்க சிஸ்டர் மேஜையில இருந்து அடிப்பான்."

"நான் தொழுற நேரத்துல அடிச்சா, எது டெஸ்ட், எது நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வழியையும் அவரே சொன்னார்.

"நான் தொழுது முடிச்சதும் பண்ணுங்க. அதுவரைக்கும் உங்க ஆள் போனைத் தொடக்கூடாது" என்றார். சரி என்றேன்.

இதற்குள் ரஃபீக் வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும் அவசரம், வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. "எங்க சார் கையெழுத்து? போட்டுட்டுப் போயிடறேன்" என்று பேனாவைத் திறந்தார். அதே நேரம் பார்த்து ஆபீசிலிருந்து மேனேஜர் என் செல்போனில் கூப்பிட்டார். மாதக் கடைசி.

"சார், ஆயிடுச்சா?"

"ஒரு சின்ன சந்தேகம் இருக்கு."

"கம்ப்ளெயின்ட் ஏதாவது சொல்றாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன சார்? சைன் வாங்கிடுங்க. மீதிய சர்வீஸ்ல பார்த்துக்கலாம்."

எதிரே ரஃபீக் பேனாவோடு நிற்கிறார். காதில் மேனேஜர். கையில் காகிதம். உங்களுக்கும் இந்த நிமிடம் வரும். அப்போது யாரும் உங்களை மிரட்ட மாட்டார்கள். எல்லோரும் புன்னகைத்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் கஷ்டம்.

"ஜும்ஆ முடிச்சுட்டு வாங்க தம்பி. அப்புறம் போடலாம்" என்றேன் ரஃபீக்கிடம். கையெழுத்துப் போட வருகிறவரைத் தடுக்கும் விற்பனைக்காரனை அவர் அதுவரை பார்த்ததில்லை. குழப்பத்தோடு பள்ளிவாசலுக்குப் போனார். மேனேஜரிடம் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்தேன். வாழ்க்கை முழுவதும் தொலைபேசித் துறையில் இருந்தவன் அந்த ஒரு சாக்கையாவது அனுபவிக்க வேண்டாமா?

டாக்டருக்கு அன்று வெளி நோயாளிகளை முடிக்கத் தாமதமாகிவிட்டது. வேகமாக வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போய், வராண்டாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். திறந்த கதவு வழியாகக் கூடத்தில், சுவர் அலமாரியில் அந்த இளம்பச்சை போன் தெரிந்தது. கூடத்துக்கு அப்பால் ஒரு அறை, வாசலில் திரை. திரைக்குப் பின்னால் டாக்டர் தொழுகையில் நின்றார். வீட்டில் வேறு யாரும் இல்லை. எதிர்க்கொடியில் பச்சைக் குழந்தைத் துணிகள் காய்ந்தன. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு நன்றாக வரும்.

போன் அடித்தது.

ஒரு நீளமான ரிங். பிறகு மௌனம். நீண்ட மௌனம். மறுபடி ஒரு ரிங், அது பாதியிலேயே அறுந்தது. அவ்வளவுதான்.

முதலில் எனக்கு வந்தது கோபம். போனைத் தொடாதே என்று பிரபுவிடம் சொல்லியிருந்தேன். அடுத்த கணம் வேறொன்று உறைத்தது. நம் ஊர் போன் அப்படி அடிக்காது. நம் ஊர் மணி இரட்டை அடி: டிரிங்-டிரிங், கொஞ்சம் இடைவெளி, டிரிங்-டிரிங். முப்பது வருடமாக என் காதில் ஊறிய தாளம் அது. இப்போது அடித்தது வெளிநாட்டு மணி. ஒற்றையாக நீட்டி முழக்கி, பிறகு நெடுநேரம் மூச்சு வாங்கும் மணி.

பிரபுவைச் செல்போனில் கூப்பிட்டேன். உடனே எடுத்தான்.

"நான் தொடல சார்," என்றான் நான் கேட்பதற்கு முன்பே. "சிஸ்டர் அடிச்சாங்க. நிஜமாவே. பீர்க்கன்கரணையில இருந்து ஒரு பொண்ணு வந்திருக்கு, குழந்தையோட ஹார்ட்பீட் குறையுதுன்னாங்க. பக்கத்துல நின்னு பார்த்தேன் சார், ரிசீவர்ல கேட்டுது. மூணு. மூணு கொடுத்துட்டு உள்ள ஓடிட்டாங்க."

இங்கே அடித்தது இரண்டு.

திரைக்குப் பின்னால் டாக்டர் அமைதியாகத் தொழுதுகொண்டிருந்தார். அவர் கணக்கில் எல்லாம் சரி. இரண்டு என்றால் முடித்துவிட்டு வரலாம்.

நான் வேற்று மனிதன். வேற்று மதத்துக்காரன். வெள்ளிக்கிழமை மதியம், ஆண்கள் யாரும் இல்லாத வீட்டில், தொழுகையில் நிற்கும் ஒரு பெண்மணியைக் கூப்பிட வேண்டும். இதற்கு எந்தக் கையேட்டிலும் பக்கம் இல்லை. பிரபு தப்பாக எண்ணியிருந்தால்? அப்படியானால் நான் ஒரு தொழுகையைக் கெடுத்த முட்டாள் ஆவேன், மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். பிரபு சரியாக எண்ணியிருந்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தால்? அதற்கு மன்னிப்புக் கேட்க முடியாது. இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், எது சரி என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். எந்தத் தவறைத் திருத்திக்கொள்ள முடியும் என்று மட்டும் பாருங்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

கூடத்து வாசற்படியில் நின்று, உள்ளே போகாமல், உரக்கச் சொன்னேன்: "டாக்டர், மன்னிக்கணும். ஸ்டெல்லா சிஸ்டர் மூணு கொடுத்திருக்காங்க. இங்கதான் ரெண்டா வந்துச்சு."

திரை விலகியது. டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. தலையிலிருந்த துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டே என்னைக் கடந்து, வெறுங்காலோடு, கொடிகளுக்குக் கீழே குனிந்து ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை.

நானும் பின்னால் போய், பிரபுவோடு அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே அந்தப் பெண்ணின் கணவன், கையில் அவள் செருப்பை வைத்துக்கொண்டு நின்றான். கீழே வைக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. பிரபு தன் லேப்டாப்பைத் திறந்தான். மூடினான்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு அழுகை வந்தது. முதலில் தயங்கி, பிறகு உலகத்தின் மேல் பெரிய குற்றச்சாட்டோடு.

கன்னியம்மா எட்டிப் பார்த்தார். "பொண்ணு. நல்லா கீது. இன்னாயா செருப்ப புட்சினு நிக்கிற, போய்ப் பாரு." பிறகு என்னைப் பார்த்து, "டாக்டரம்மா வந்ததால பொழச்சுது சார். இன்னும் கொஞ்ச நேரம் ஆயிருந்தா பேஜாரா பூட்டிருக்கும்" என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு டாக்டர் வந்தார். பின்னால் ஸ்டெல்லா சிஸ்டர், சற்றுத் தள்ளி. டாக்டர் என்னிடம் கேட்டார்: "அங்க உக்காந்து எண்ணினீங்களே. எத்தனை?"

"ரெண்டு டாக்டர். ரெண்டாவதும் முழுசா இல்ல."

"இங்க?"

பிரபு எழுந்து நின்றான். "மூணு மேடம். நான் பக்கத்துலதான் நின்னேன்."

டாக்டர் வெளியே போனார். தன் வீட்டுக்கு நடந்துபோய் போன் பக்கத்தில் நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. அங்கிருந்து கையைக் காட்டினார். ஸ்டெல்லா ரிசீவரை எடுத்து, அடித்து, உதடு அசைய எண்ணி, வைத்தார். டாக்டர் திரும்பி வந்தார். இப்போது மெதுவாக.

"ரெண்டுதான் வந்துச்சு ஸ்டெல்லா."

"நான் மூணுதான் கொடுத்தேன் டாக்டர்."

செவ்வாய்க்கிழமையும் இதே இரண்டு வாக்கியங்களைத்தான் பேசியிருப்பார்கள். வார்த்தை மாறவில்லை. ஆனால் இப்போது இருவரும் அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

விளக்கினேன். நீங்கள் ரிசீவரில் கேட்கும் ரிங் அங்கே அடிக்கும் மணியின் சத்தம் இல்லை. பழைய எக்ஸ்சேஞ்சில் இரண்டும் ஒரே தாளத்தில் சேர்ந்து நடந்தன. அதனால் எண்ணினால் சரியாக வந்தது. புதுப் பெட்டியில் இரண்டும் தனித்தனி. காதுக்கு ஒரு சத்தம், மணிக்கு ஒரு தாளம், இரண்டுக்கும் வேறு வேறு இடத்தில் அமைப்பு. காதுச் சத்தம் விசித்திரமாக இருந்ததால் பிரபு அதை நம் நாட்டு முறைக்கு மாற்றியிருந்தான். மணியை எங்களில் யாரும் ஒரு ரிங்குக்கு மேல் கேட்டதே இல்லை. எனவே அது தொழிற்சாலையில் வைத்தபடி வெளிநாட்டுத் தாளத்திலேயே இருந்தது. இங்கே மூன்று கேட்கும் நேரத்தில் அங்கே இரண்டுதான் அடிக்கும். இரண்டு ஒன்றாகும்.

புதுப் பெட்டியின் மணி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டதாக டாக்டர் சொன்னார். பிறகு ஸ்டெல்லாவிடம் திரும்பினார். "செவ்வாக்கிழமையும் மூணுதான் கொடுத்திருப்பீங்க."

"கொடுத்தேன்."

"ம்."

பிறகு டாக்டர் கேட்டார்: "சாப்டீங்களா?"

"இல்ல."

"வீட்டுக்கு வாங்க. நானும் சாப்பிடல." இரண்டு அடி போய்விட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நாளன்னைக்கு காலைல ஒரு சிசேரியன் இருக்கு."

நாளன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஸ்டெல்லாவின் கடைசி நாள் சனிக்கிழமை.

"தெரியும் டாக்டர். தியேட்டர் ரெடி பண்ணச் சொல்லிட்டேன்" என்றார் ஸ்டெல்லா, ஊசி டப்பாவை மூடிக்கொண்டே. கன்னியம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

தாளத்தைச் சரிசெய்யப் பிரபுவுக்கு ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. மணி நம் ஊர் மணியாக அடித்தது. எண்ணிப் பார்த்தோம், பொருந்தியது. பிரபு முகத்தில் வெளிச்சம் வந்தது. நான் அதை அணைத்தேன்.

"ஏரியாவுல கரன்ட் போச்சுன்னா? நெட்வொர்க் படுத்துச்சுன்னா? ரெண்டு தாளமும் இப்போ ஒத்துப்போகுது, ஆனா இன்னும் தனித்தனிதான். பிரசவ ரூம்ல இருந்து வீட்டுக்குத் தனியா ஒரு காலிங் பெல் இழுக்கச் சொல்லு. பேட்டரி பெல்லு."

"ஐபி எக்ஸ்சேஞ்ச் போட்டுட்டு காலிங் பெல்லா சார்?" அவமானப்பட்டவன்போல் கேட்டான். "ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நாம விக்கிற பெட்டிக்கு எது தெரியாதுன்னு நாமளே சொல்லிட்டா, அதுக்குத் தெரிஞ்சதை ஜனங்க நம்புவாங்க."

ஜும்ஆ முடிந்து வந்த ரஃபீக்கிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். முகம் சுருங்கியது, தான் கொண்டுவந்த அமைப்பாயிற்றே. பிறகு, "மாமிக்குத் தெரியுமா?" என்றார்.

"அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்."

"அப்ப சரி" என்றார். காகிதத்தை வாங்காமல், "பெல் போட்டதும் வாங்க. அப்ப சைன் பண்றேன். நீங்களே வாங்க" என்றார்.

அந்த மாதக் கணக்கில் அந்த வேலை சேரவில்லை. மேனேஜர் என்னிடம் சில நாள் பேசவில்லை. அது ஒரு ஓய்வாகவே இருந்தது. உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் பெல்லைப் போட்டார். அவரிடம் இருந்தது குருவி கத்தும் பெல் மட்டும்தான். ஆகவே செம்பாக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஆபத்து என்றால் வேப்பமரத்துக்கு அப்பால் ஒரு குருவி கீச்சிட, ஒரு டாக்டர் வெறுங்காலோடு ஓடி வருவார். இதைவிட நம்பகமான அமைப்பை நான் என் பணிக்காலத்தில் நிறுவியதில்லை.

உங்கள் சோதனைப் பட்டியலில் கடைசியில் ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: 'அடிக்கவும், யாரும் எடுக்க வேண்டாம், போன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவும்.' இது நேர விரயம், எடுத்துவிடலாமா என்று தர ஆய்வுக்காரர்கள் வருடாவருடம் கேட்டார்கள். நான் இருந்தவரை எடுக்க விடவில்லை. இனி அது உங்கள் பாடு. அந்த வரியைச் செய்யும்போது அந்த வீட்டுக்காரர்களிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: இந்தப் போனைப் பேசுவதைத் தவிர வேறு எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? பெரும்பாலானோர் உங்களை விநோதமாகப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் பதில் சொல்வார். அந்த ஒருவருக்காகத்தான் கேட்கிறோம்.

சில மாதம் கழித்து, வருடாந்தரப் பராமரிப்பு விஷயமாக அந்த நர்சிங் ஹோமுக்குப் போன் செய்தேன். மதிய நேரம். எடுத்தது ஸ்டெல்லா சிஸ்டர்.

"டாக்டர் தொழுகையில இருக்காங்க சார். ரிங் கொடுத்து வைக்கிறேன், வந்ததும் உங்களுக்குப் பேசுவாங்க."

"எத்தனை கொடுப்பீங்க சிஸ்டர்?"

"ஒண்ணுதான் சார்" என்றார். "நீங்க ஒண்ணும் அவ்வளவு அவசரம் இல்ல."